நார்வேயா, ஸ்வீடனா? வாழ்க்கைச் செலவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓஸ்லோவிலோ ஸ்டாக்ஹோமிலோ வேலை கிடைத்தவர்கள், படிக்கப் போய் அங்கேயே தங்க நினைப்பவர்கள், சில சமயம் இரண்டு ஊரிலிருந்தும் ஆஃபர் வந்து எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்பவர்கள் எல்லாரும் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகள்தான். ஸ்டாக்ஹோமில் இருந்துவிட்டு ஓஸ்லோவுக்கு மாறியவன் என்பதால் இரண்டு பக்கத்துச் சம்பளச் சீட்டையும் பார்த்திருக்கிறேன். வேறு ஆண்டு சொல்லாத இடத்தில் எல்லாம் 2025 விதிகளை வைத்துப் போட்ட கணக்கு. வாடகை மாதிரி விஷயங்களில் எண்கள் தோராயம்தான்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எங்கே செலவு அதிகம்?

கடைக்குப் போனால் நார்வே. அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் மாதக் கடைசியில் கையில் என்ன மிஞ்சும் என்று கேட்டால் பதில் அவ்வளவு நேராக வராது. எல்லாரும் பால் விலையையும் பீர் விலையையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் கணக்கைத் தீர்மானிப்பது வேறு மூன்று விஷயங்கள்: வீடு எப்படிக் கிடைக்கிறது, அந்த வீட்டைச் சூடாக்கும் செலவு யார் தலையில் விழுகிறது, குழந்தைக்கோ உங்களுக்கோ உடம்பு சரியில்லாமல் போனால் சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கிறார்கள். கீழே இந்த மூன்றுக்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

நார்வேயில் எல்லாமே இரண்டு மடங்கு விலை என்கிறார்களே?

அது பழைய கதை. 2012 வாக்கில் 100 நார்வே குரோனா கொடுத்தால் 115 ஸ்வீடன் குரோனாவுக்கு மேல் கிடைத்தது. அப்போது ஸ்வீடனில் சம்பாதித்துக்கொண்டு ஓஸ்லோவுக்குச் சுற்றிப் பார்க்கப் போனவருக்கு நெஞ்சு வலியே வந்திருக்கும். 2014-ல் எண்ணெய் விலை விழ ஆரம்பித்தது, 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது நார்வே குரோனா இன்னும் பலமாக அடிவாங்கியது, 2023-லிருந்து இரண்டு நாணயமும் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று என்று ஆகிவிட்டது. சில மாதங்களில் நார்வே குரோனாதான் கொஞ்சம் கீழே.

இதனால் ஒரு வசதி: இரண்டு நாட்டு விலைச் சீட்டையும் மாற்றுக் கணக்கு போடாமல் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கீழேயும் நான் அப்படித்தான் செய்திருக்கிறேன், 'குரோனா' என்றால் அந்தந்த நாட்டுக் குரோனா. இணையத்தில் பத்து வருஷத்துக்கு முன் யாரோ எழுதிவைத்த ஒப்பீட்டை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

சம்பளம் எங்கே அதிகம்?

நார்வேயில், அதுவும் நல்ல வித்தியாசத்தில். நார்வே புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி 2024 நவம்பரில் சராசரி மாதச் சம்பளம் 59,000 குரோனாவைத் தாண்டிவிட்டது. அதே ஆண்டு ஸ்வீடனில் சராசரி 40,000-க்குச் சற்று மேலேதான். ஐடி, பொறியியல் மாதிரி வேலைகளில் இடைவெளி இதைவிடச் சிறிது. உணவகம், துப்புரவு, கட்டடம், கிடங்கு வேலைகளில்தான் பெரிது. இரண்டு நாட்டிலும் சட்டம் போட்டு நிர்ணயித்த பொதுவான குறைந்தபட்சக் கூலி கிடையாது, தொழிற்சங்க ஒப்பந்தம்தான். ஆனால் நார்வேயில் துப்புரவு, கட்டடம், ஓட்டல் போன்ற சில துறைகளில் அந்த ஒப்பந்தக் கூலியை எல்லா முதலாளிக்கும் கட்டாயமாக்கியிருக்கிறார்கள்.

2000-களிலும் 2010-களிலும் ஸ்வீடன் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக ஓஸ்லோவுக்கு வந்து கஃபேக்களிலும் கிடங்குகளிலும் வேலை பார்த்தார்கள். வாழைப்பழம் உரிக்கக்கூட ஸ்வீடன்காரனைத்தான் வைத்திருக்கிறோம் என்று நார்வேக்காரர்கள் கிண்டலடிப்பார்கள். நாணய மதிப்பு சமமானதும் அந்த ஓட்டம் நன்றாகக் குறைந்துவிட்டது.

வரி? ஸ்வீடனில் பாதிச் சம்பளம் போய்விடும் என்கிறார்கள்.

இதைக் கேட்டால் பலர் நம்புவதில்லை, அதனால் கணக்காகவே போட்டுவிடுகிறேன். இரண்டு ஊரிலும் மாதம் 50,000 குரோனா, அதாவது ஆண்டுக்கு 6 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாக்ஹோமில் நகராட்சி, மாகாண வரி சேர்ந்து 30.5 சதவீதத்தை ஒட்டி வரும். கேட்டால் பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் வேலை செய்கிறவர்களுக்கென்று ஒரு வரிக் கழிவு தானாகவே வந்து அதில் பெரிய துண்டைக் குறைத்துவிடுகிறது. கையில் வருவது சுமார் 39,000. ஓஸ்லோவில் 22 சதவீதப் பொது வரி, 7.7 சதவீதச் சமூகப் பாதுகாப்பு, அதற்கு மேல் படிப்படியாக ஏறும் வரி, நடுவில் கழிவுகள், எல்லாம் போய் சுமார் 37,700. அதாவது இந்த அளவு சம்பளத்தில் ஸ்வீடனில்தான் வரி குறைவு.

சம்பளம் ஏறினால் நிலைமை தலைகீழ். ஸ்வீடனில் ஆண்டுக்கு சுமார் 6.43 லட்சத்துக்கு மேல் போனால் அந்த மேல் தொகைக்கு 20 சதவீத மத்திய அரசு வரி வந்து உட்காரும், அதற்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு நூறிலும் பாதிக்கு மேல் போய்விடும். 'பாதிச் சம்பளம் போய்விடும்' என்ற பேச்சு இந்த இடத்திலிருந்துதான் வருகிறது. நார்வேயில் சுமார் 7 லட்சத்துக்கு மேல் 43 சதவீதம்.

ஸ்வீடனில் வேலைக்கு எடுக்கும் நிறுவனம் உங்கள் சம்பளத்துக்கு மேல் 31.42 சதவீதம் அரசுக்குக் கட்டுகிறது, நார்வேயில் ஓஸ்லோ பக்கம் 14.1 தான். உங்கள் சீட்டில் தெரியாத வரி அது. ஸ்வீடனில் சம்பளமே ஏன் குறைவாகச் சொல்கிறார்கள் என்பதற்கு ஒரு காரணமும் அங்கே இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து வரும் உயர் சம்பள நிபுணர்களுக்கு ஸ்வீடனில் ஒரு சலுகை உண்டு: சம்பளத்தில் 25 சதவீதத்துக்கு வரி கிடையாது, ஏழு ஆண்டு வரை. வேலையில் சேர்ந்த முதல் மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், விட்டால் போச்சு. ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும்போதே எச்ஆரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

நார்வேயில் முதல் வருஷம் கை கடிக்கும் என்று ஒரு நண்பர் சொன்னார். ஏன்?

இரண்டு காரணம். முதலாவது வரி அட்டை, அதாவது உங்கள் சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று முதலாளிக்குச் சொல்லும் ஆவணம். அது முதலாளியின் கணினிக்கு வந்து சேரும் முன் சம்பள நாள் வந்துவிட்டால் சட்டப்படி 50 சதவீதம் பிடிப்பார்கள். பிறகு சரி செய்துகொள்ளலாம், ஆனால் வந்து இறங்கிய மாதத்தில் வாடகை முன்பணம், கட்டில், குளிர்கோட்டு எல்லாம் வாங்க வேண்டிய நேரத்தில் பாதிச் சம்பளம்தான் கையில் இருக்கும்.

இரண்டாவது விடுமுறைப் பணம். நார்வேயில் விடுப்பு எடுக்கும் நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. அதற்குப் பதிலாகப் போன ஆண்டு நீங்கள் சம்பாதித்ததில் 10.2 சதவீதம் (ஒப்பந்தம் இருந்தால் 12 சதவீதம்) ஜூன் மாதம் மொத்தமாக வரும். போன ஆண்டு நீங்கள் அந்த நாட்டிலேயே இல்லை என்றால் அந்தப் பணமும் இல்லை. விடுப்பு எடுக்கும் உரிமை இருக்கும், காசு இருக்காது. சில நிறுவனங்கள் வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு முதல் ஆண்டு சம்பளத்தோடு விடுப்பு தருவார்கள், ஆனால் அது கேட்டு வாங்க வேண்டியது. இரண்டாவது ஆண்டிலிருந்து ஜூன் மாதம் தீபாவளி மாதிரி இருக்கும், நவம்பர் அல்லது டிசம்பரில் வரிப் பிடித்தமும் பாதியாகும். எல்லாம் முன்கூட்டியே பிடித்துவைத்த உங்கள் காசுதான், இருந்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஸ்வீடனில் இந்தத் தலைவலி குறைவு. சட்டப்படி 25 நாள் விடுப்பு. முதல் ஆண்டு சம்பளத்தோடு எவ்வளவு என்பதை மட்டும் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடகை எங்கே அதிகம்?

எண்ணை மட்டும் பார்த்தால் ஓஸ்லோ. ஒரு படுக்கையறை வீட்டுக்கு 14,000-லிருந்து 17,000 வரை கேட்பார்கள், நகர நடுவில் இன்னும் மேலே. ஸ்டாக்ஹோமில் நேரடி ஒப்பந்தத்தில், அதாவது வீட்டு உரிமையாளரிடமே எடுத்தால், அதே அளவு பழைய வீடு 8,000, 9,000-க்கு இருக்கிறது. ஆனால் 'இருக்கிறது' என்பது வேறு, 'கிடைக்கிறது' என்பது வேறு.

ஸ்வீடனில் வாடகையைச் சந்தை தீர்மானிப்பதில்லை, வீட்டுக்காரர் சங்கமும் வாடகைக்காரர் சங்கமும் பேசி முடிவு செய்கிறார்கள். அதனால் வாடகை குறைவு, அதனால் வரிசை நீளம். ஸ்டாக்ஹோம் நகராட்சி வீட்டு வரிசையில் பதிய ஆண்டுக்கு 200 குரோனா. சராசரியாக ஒன்பது, பத்து ஆண்டு காத்திருக்க வேண்டும், நகர நடுவில் என்றால் இருபது ஆண்டு வரை போகும். அங்கே பிறந்த பிள்ளைகள் பதினெட்டு முடிந்ததுமே வரிசையில் பெயர் கொடுத்துவிடுவார்கள். விமானத்திலிருந்து இறங்கி வருகிற நமக்கு அந்த வீடு கிடையாது. நாம் போவது இரண்டாம் கை வாடகைக்கு, அதாவது வீட்டை வைத்திருப்பவர் நமக்கு உள்வாடகைக்கு விடுவது. அது 12,000-லிருந்து 15,000, பெரும்பாலும் ஆறு மாதம் அல்லது ஒரு வருஷம், அதற்குப் பிறகு திரும்பவும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். நேரடி ஒப்பந்தத்தைக் கறுப்பில் விற்பவர்களும் இருக்கிறார்கள். 2019 அக்டோபரிலிருந்து விற்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். எவ்வளவு ஆசைகாட்டினாலும் போகாதீர்கள்.

நார்வேயில் வரிசை கிடையாது. ஃபின் என்ற விளம்பரத் தளத்தில் பார்க்கிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை போய் வீட்டைப் பார்க்கிறீர்கள், பிடித்தால் அடுத்த வாரம் சாவி. காசு இருந்தால் வீடு. மூன்று மாத வாடகை முன்பணமாகப் போகும் (சட்டம் ஆறு மாதம் வரை அனுமதிக்கிறது), அதைத் தனியாக உங்கள் பெயரில் திறந்த முன்பணக் கணக்கில்தான் போட வேண்டும். தன் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொல்லும் வீட்டுக்காரர் சட்டத்தை மீறுகிறார், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படி அனுப்பிவிட்டு, காலி செய்யும்போது சுவரில் ஆணி அடித்தாய், தரையில் கீறல் என்று ஒவ்வொன்றாகக் கழிக்கப்பட்டு வெறுங்கையோடு வந்தார்கள். முன்பணக் கணக்காக இருந்திருந்தால் இரண்டு பேர் கையெழுத்தும் இல்லாமல், அல்லது தகராறு மன்ற உத்தரவு இல்லாமல் அவ்வளவு சுலபமாக எடுத்திருக்க முடியாது.

ஆக, முதல் மூன்று நான்கு வருஷத்துக்கு மட்டும் பார்த்தால் இரண்டு ஊரிலும் வாடகை நீங்கள் நினைப்பதைவிட நெருக்கமாகத்தான் இருக்கும்.

மின்சாரம், சூடு?

வாடகையை ஒப்பிடும்போது எல்லாரும் விட்டுவிடும் இடம் இது. ஸ்வீடனில் அடுக்குமாடி வாடகையில் சூடும் தண்ணீரும் சேர்ந்தே வரும், ஊர் முழுக்கக் குழாய் போட்டு வெந்நீரால் சூடாக்கும் முறை. உங்கள் பெயரில் வருவது விளக்கு, அடுப்பு, துணி துவைக்கும் இயந்திரம் இவற்றின் மின்சாரம் மட்டும். நார்வேயில் பல வீடுகளில் சுவரில் மாட்டிய மின்சார ஹீட்டர், குளியலறைத் தரைக்கு அடியில் சூடு கம்பி. ஜனவரியில் அது ஓடுவது உங்கள் மீட்டரில். எல்லா வீடும் அப்படியில்லை, சில குடியிருப்புகளில் வெந்நீரும் சூடும் மாதக் கட்டணத்தில் அடக்கம், அதனால் வீடு பார்க்கப் போகும்போது சுவரில் இருப்பது தண்ணீர்க் குழாய் ரேடியேட்டரா, மின்சார ஹீட்டரா என்று குனிந்து பாருங்கள். குழாய் என்றால் 13,500 வாடகையும், மின்சாரம் என்றால் 12,500 வாடகையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

2021 கடைசியில் தெற்கு நார்வேயில் மின்கட்டணம் பறந்தபிறகு அரசு மானியம் கொடுக்க ஆரம்பித்தது. 2025 அக்டோபர் முதல் நிலையான விலைத் திட்டம் ஒன்றும் வந்திருக்கிறது: வரி சேர்த்து யூனிட்டுக்கு அரை குரோனா, வடக்கில் மின்சாரத்துக்கு மதிப்புக் கூட்டு வரி இல்லாததால் 40 ஓரே (நூறு ஓரே ஒரு குரோனா). இதற்கு மேல் மின்கம்பிக் கட்டணம் தனி. ஓஸ்லோவில் மின்சார ஹீட்டர் வீட்டில் இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்பது என் கருத்து.

ஸ்வீடனில் நாட்டை நான்கு விலை மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். வடக்கே லூலியோவில் மின்சாரம் மலிவு, தெற்கே மால்மோவில் விலை அதிகம். அடுக்குமாடியில் இருந்தால் பெரிதாகத் தெரியாது. தனி வீடு வாங்கி அதில் மின்சாரச் சூடு என்றால் மால்மோ பக்கம் வலிக்கும்.

மளிகைச் செலவு? நாங்கள் வீட்டில்தான் சமைப்போம்.

வீட்டில் சமைப்பவர்களுக்கு, குறிப்பாக நம் சமையல் சமைப்பவர்களுக்கு, நார்வே சொல்லப்படுகிற அளவுக்குக் கொடுமை இல்லை. காரணம் எளிது. நார்வே தன் விவசாயிகளைக் காப்பாற்ற எல்லைச் சுங்கம் போட்டு வைத்திருப்பது பால், சீஸ், கோழி, மாட்டிறைச்சி இவற்றுக்கு. அரிசியும் துவரம்பருப்பும் அங்கே விளைவதில்லை, அதனால் அவற்றைக் காப்பாற்றவும் யாரும் இல்லை. ஓஸ்லோவில் கிரோன்லாந்து, தோயன் பக்கம் இருக்கும் கடைகளில் அரிசி மூட்டை, பருப்பு, கொத்தமல்லிக் கட்டு, பச்சைமிளகாய் எல்லாம் ஸ்டாக்ஹோமில் கொடுக்கும் விலையை ஒட்டித்தான் இருக்கும். காய்கறிகூடப் பெரிய கடைகளைவிட அங்கே மலிவு. இலங்கைத் தமிழர்கள் நீண்ட காலமாக வாழும் ஊர் என்பதால் முருங்கைக்காய், கருவேப்பிலை தேடி அலைய வேண்டியதில்லை.

கை கடிப்பது தயிர், பனீர், சீஸ், கோழி. வாரம் இரண்டு நாள் கோழி, தினமும் தயிர் என்று நான்கு பேர் இருக்கும் வீட்டில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆட்டிறைச்சிக்கு மட்டும் ஒரு வழி உண்டு: செப்டம்பரில் முட்டைக்கோஸோடு ஆட்டுக்கறி வேகவைத்துச் சாப்பிடும் பருவம், கடைகள் போட்டி போட்டுக்கொண்டு ஆட்டுக்கறியை அடிமாட்டு விலைக்குத் தள்ளுவார்கள். ஃப்ரீசர் இருக்கிறவர்கள் அந்த வாரம் நிரப்பிக்கொள்வார்கள். எலும்போடு வெட்டின துண்டு, நம் குழம்புக்கு அதுதான் சரி.

இன்னொரு காரணம் போட்டி இல்லாதது. நார்வேயில் மூன்று குழுமங்கள்தான் மளிகைச் சந்தையைப் பங்குபோட்டு வைத்திருக்கின்றன. லிடில் என்ற ஜெர்மன் மலிவு விலைக் கடை வந்து பார்த்துவிட்டு 2008-ல் கடையை மூடிக்கொண்டு போய்விட்டது. ஸ்வீடனில் லிடில் இன்னும் இருக்கிறது, வில்லிஸ் இருக்கிறது, விலைக்கு ஒரு கடிவாளம் இருக்கிறது. உணவுக்கு மதிப்புக் கூட்டு வரி நார்வேயில் 15 சதவீதம். ஸ்வீடனில் 12 ஆக இருந்தது, 2026 ஏப்ரல் 1 முதல் 2027 முடியும் வரை 6 ஆகக் குறைகிறது. ஆகவே மளிகையில் இடைவெளி இன்னும் கொஞ்சம் விரியும்.

எல்லை தாண்டிப் போய் வாங்கி வருகிறார்களாமே, லாபமா?

ஓஸ்லோவிலிருந்து தெற்கே ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் ஸ்வினெசுண்ட் பாலம், தாண்டினதும் ஸ்வீடன், அங்கேயே நோர்ட்பி வணிக வளாகம். நார்வேக்காரர்களை நம்பியே கட்டினது. பேக்கன், சீஸ், கோழி, குளிர்பானம், மிட்டாய், வாயில் வைக்கும் புகையிலை என்று வண்டி நிறைய ஏற்றி வருவார்கள். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் நார்வேயில் கடை அடைப்பு, ஸ்வீடனில் திறந்திருக்கும். அன்றைக்கு அந்தப் பக்கம் போனால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, போகவே போகாதீர்கள்.

இறைச்சி, சீஸ் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 10 கிலோ வரைதான் சுங்கம் இல்லாமல் கொண்டுவரலாம். லாபமா என்றால், இரண்டு குடும்பம் சேர்ந்து ஒரே காரில் போய், கோழியும் சீஸும் பத்துப் பத்துக் கிலோவாக வாங்கினால் உண்டு. தனி ஆள் போய் ஒரு பை மிட்டாயோடு திரும்பினால் பெட்ரோலும் சுங்கச்சாவடியும் தின்றுவிடும். பலருக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு, அந்தக் கணக்கில் சரி.

குழந்தைகள் இருந்தால் எந்த நாடு?

சில வருஷம் முன் கேட்டிருந்தால் யோசிக்காமல் ஸ்வீடன் என்று சொல்லியிருப்பேன். மழலையர் காப்பகத்துக்கு முதல் குழந்தைக்கு வருமானத்தில் 3 சதவீதம், அதற்கும் உச்சவரம்பு மாதம் 1,700 குரோனாவை ஒட்டி, இரண்டாவது குழந்தைக்கு அதைவிடக் குறைவு. நார்வேயில் அப்போது மாதம் 3,000. பிறகு நார்வே வேகமாக இறக்கிவிட்டது: 2024 ஆகஸ்ட்டில் 2,000, 2025 ஆகஸ்ட் முதல் 1,200, நகரங்களிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் 700. குழந்தை உதவித்தொகையும் நார்வேயில் அதிகம், 2025 மே முதல் ஒரு குழந்தைக்கு மாதம் 1,968 குரோனா. ஸ்வீடனில் 2018-லிருந்து 1,250-லேயே நிற்கிறது, இரண்டு குழந்தை என்றால் கூட ஒரு 150 சேரும்.

ஸ்வீடன் ஜெயிப்பது சாப்பாட்டில். பள்ளியில் மதியம் சூடான சாப்பாடு சட்டப்படி இலவசம், காப்பகத்திலும் சாப்பாட்டுக்குத் தனிக் காசு இல்லை. நார்வேயில் காப்பகத்தில் சாப்பாட்டுக்குத் தனியாகச் சில நூறு குரோனா, பள்ளிக்கு டப்பா கட்டிக் கொடுக்க வேண்டும். அந்த டப்பாவில் இரண்டு துண்டு ரொட்டி, மேலே பழுப்புச் சீஸோ ஈரல் பேஸ்ட்டோ, துண்டுகளுக்கு நடுவில் ஒட்டாமலிருக்க ஒரு தாள். நம் பிள்ளைகள் முதல் வாரம் லெமன் சாதம் கொண்டுபோவார்கள், அடுத்த வாரமே எனக்கும் ரொட்டி என்பார்கள். காலை ஏழு மணிக்கு இதைச் செய்பவருக்குத்தான் இலவசச் சாப்பாட்டின் அருமை தெரியும்.

பிரசவ விடுப்பைப் பொறுத்தவரை ஸ்வீடனில் 480 நாள், அதில் 390 நாள் சம்பளத்தில் ஏறக்குறைய 80 சதவீதம், வரம்புக்குள். நார்வேயில் 49 வாரம் முழுச் சம்பளம், அல்லது அதை நீட்டி 80 சதவீதத்தில் எடுக்கலாம். நாட்கள் வேண்டுமா, காசு வேண்டுமா என்பது உங்கள் வீட்டு விஷயம்.

காய்ச்சல், மருத்துவமனை, பல்?

காய்ச்சல் என்று நான்கு நாள் படுத்தால் நார்வேயில் முதல் நாளிலிருந்தே முழுச் சம்பளம் (ஆண்டுக்கு சுமார் 7.8 லட்சம் குரோனா வரம்பு வரை, வேலையில் சேர்ந்து நான்கு வாரம் ஆகியிருக்க வேண்டும்). ஸ்வீடனில் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய முதல் நாள் சம்பளம் போகும், மீதிக்கு 80 சதவீதம். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டில் இருந்தாலும் இதே மாதிரி: ஸ்வீடனில் 80 சதவீதம், நார்வேயில் ஒரு பெற்றோருக்கு ஆண்டுக்கு 10 நாள் முழுச் சம்பளத்தோடு, மூன்று குழந்தையோ அதற்கு மேலோ என்றால் இன்னும் கூடுதலாக. காப்பகத்தில் சேர்த்த முதல் குளிர்காலம் முழுக்கச் சளி, வயிற்றுப்போக்கு, திரும்பவும் சளி. அந்தக் குளிர்காலத்தில் ஸ்வீடன் சம்பளச் சீட்டைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய தொகை என்று புரியும்.

டாக்டர் கட்டணத்தில் ஸ்வீடன் மலிவு. ஆண்டு உச்சவரம்பு 2025-ல் 1,450 குரோனா, மருந்துக்குத் தனியாக ஒரு வரம்பு (ஜூலையில் அதை 2,900-லிருந்து 3,800 ஆக்கிவிட்டார்கள்). நார்வேயில் டாக்டரும் நாள்பட்ட நோய்க்கான பரிந்துரை மருந்தும் சேர்த்து ஒரே வரம்பு, 3,278. நாள்பட்ட மருந்து எடுப்பவருக்கு நார்வே தேவலை, சும்மா இரண்டு முறை டாக்டரைப் பார்ப்பவருக்கு ஸ்வீடன்.

பல் இரண்டு நாட்டிலும் கொள்ளை. நார்வேயில் பெரியவர்களுக்கு அரசு உதவி அநேகமாக இல்லை, ஸ்வீடனில் ஓரளவு உண்டு. இந்தியா போகும்போது பல் பார்த்துவிட்டு வருவது இரண்டு நாட்டுத் தமிழரிடமும் உள்ள பழக்கம்.

வேலை போய்விட்டால்?

நார்வேயில் தேவையான அளவு சம்பாதித்திருந்தால் முந்தைய வருமானத்தில் 62 சதவீதம் அளவில் அரசே தரும், முன்கூட்டி எதிலும் சேர வேண்டியதில்லை. ஸ்வீடனில் ஆ-காசா என்ற வேலையின்மை நிதியில் நீங்களாகச் சேர்ந்து மாதச் சந்தா கட்டியிருக்க வேண்டும். சந்தா சின்னதுதான், போய் இறங்கின மாதமே சேர்ந்துவிடுங்கள்.

வெளியே சாப்பாடு, போன், பஸ்?

வெளியே சாப்பிடுவதில் ஸ்வீடன் தெளிவாக மலிவு. அலுவலகப் பகுதிகளில் மதிய 'இன்றைய சாப்பாடு' 130, 150 குரோனாவுக்கு, அதில் சாலட், ரொட்டி, கடைசியில் காப்பி எல்லாம் அடக்கம். ஓஸ்லோவில் அந்தக் காசுக்கு ஒரு சாண்ட்விச்சும் காப்பியும். பீர் ஓஸ்லோவில் 110, 120 என்று போகும். போன் கட்டணமும் நார்வேயில் அதிகம். பஸ், மெட்ரோ மாதச் சீட்டு இரண்டு தலைநகரிலும் ஆயிரத்தை ஒட்டித்தான், ஆனால் ஸ்டாக்ஹோம் சீட்டில் மாவட்டம் முழுக்கப் போகலாம், ஓஸ்லோவில் மண்டலம் தாண்டினால் கூடுதல்.

வீடு வாங்கினால்?

இப்போதைக்கு வட்டிதான் பெரிய வித்தியாசம். 2025 கடைசியில் நார்வே மத்திய வங்கியின் வட்டி 4 சதவீதம், ஸ்வீடனில் 1.75. வீட்டுக் கடனில் இது ஏறக்குறைய அப்படியே தெரியும். 30 லட்சம் குரோனா கடனில் இரண்டேகால் சதவீத வித்தியாசம் என்றால் ஆண்டுக்கு 67,500, மாதம் ஐயாயிரத்து அறுநூறுக்கு மேல். வட்டிக்கு வரிக் கழிவும் ஸ்வீடனில் 30 சதவீதம், நார்வேயில் 22. அதே சமயம் நார்வேயில் 2024 கடைசியிலிருந்து சொந்தக் காசு 10 சதவீதம் இருந்தால் போதும் என்று தளர்த்தியிருக்கிறார்கள். விலைப்பட்டியலை மட்டும் பார்க்காமல் மாதக் கட்டணத்தையும் குடியிருப்புச் சங்கத்தின் தலையில் இருக்கும் பொதுக் கடனையும் கேளுங்கள், இரண்டு நாட்டிலும் 'மலிவு' வீட்டின் ரகசியம் பெரும்பாலும் அந்தக் கடன்தான்.

ஸ்வீடனில் குடியிருந்துகொண்டு நார்வேயில் வேலை பார்த்தால் இரண்டு லாபமும் கிடைக்காதா?

நல்ல யோசனை, எல்லை ஊர்களில் நிறையப் பேர் அப்படித்தான் வாழ்கிறார்கள். ஆனால் நார்டிக் நாட்டுக் குடிமக்களுக்கு 1954-லிருந்தே இருக்கும் சுதந்திரம் அது. இந்தியப் பாஸ்போர்ட்டோ இலங்கைப் பாஸ்போர்ட்டோ வைத்திருப்பவருக்கு ஸ்வீடன் அனுமதி நார்வேயில் வேலை செய்ய உதவாது, தனி அனுமதி வேண்டும். குடியுரிமை வாங்கியவர்கள் தாராளமாக யோசிக்கலாம். அப்போதும் பொதுவாக வேலை செய்யும் நாட்டில்தான் சம்பள வரி, எல்லையை ஒட்டிய நகராட்சிகளுக்கு மட்டும் தனி விதி உண்டு. வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்கள் சேர்ந்தால் எந்த நாட்டுச் சமூகப் பாதுகாப்பில் நீங்கள் இருக்கிறீர்கள் என்பதே மாறலாம். ஆகவே ஸ்வீடன் பக்க எல்லை ஊரான ஸ்ட்ரோம்ஸ்டாடில் வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன் இரண்டு நாட்டு வரி அலுவலகத்துக்கும் எழுதி, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.